இருநூறு மீட்டர் கல்

அங்குல நாடாவைத் தோளின் குறுக்கே வைத்து அளக்கும்போது மூச்சை உள்ளே இழுக்க வேண்டுமா, வெளியே விட வேண்டுமா? இழுத்தால் கால் அங்குலமாவது கூடும். கூடினால் இந்த வாரம் திட்டு இல்லை. ஆனால் இவர்களுக்காக நான் ஏன் நெஞ்சை ஊதிக் காட்ட வேண்டும்? விட்டுவிடுகிறேன். உள்ளதை அளந்துகொள்ளட்டும்.

பிரவீனா மூச்சை விட்டாள்.

செயலாளரின் மனைவி அளவைச் சொல்ல, சங்கத்தின் தொழில்நுட்ப வல்லுநர் கந்தப்பன் நோட்டில் எழுதினார். "பதினஞ்சே முக்கால். போன வாரமும் இதேதான். ஏனம்மிணி, ஆறு முட்ட திங்கறயா?"

"திங்கறனுங்க."

"மஞ்சக்கருவோடயா?"

"மஞ்சக்கருவோடத்தானுங்க."

"அப்பறம் எங்கதான் போவுது?"

அவளுக்கும் தெரியவில்லை. காலையில் ஆட்டையாம்பட்டியிலிருந்து ராசிபுரம் போய்த் திரும்பும் சாலையில் பாதி போயிருக்கலாம். மீதி மனத்துக்குள் போயிருக்க வேண்டும். ஒரு வருடமாக அங்கே ஒன்று கொழுத்துக்கொண்டிருந்தது. அதை அளக்க அவர்களிடம் நாடா இல்லை.

அளவுக்குக் காரணம் காற்று. சாலைப் பந்தயத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குக் காற்றுதான் முதல் எதிரி. முன்னால் போகிறவள் அதைக் கிழித்துக்கொண்டு போவாள். அவள் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒட்டிக்கொண்டு வருகிறவளுக்குப் பாதி உழைப்பு மிச்சம். அதனால் ஓர் அணி தன் வேகக்காரியை எல்லோருக்கும் கடைசியில் ஒளித்துவைத்துக் கூட்டி வரும். முன்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவராக முழுப் பலத்தையும் கொட்டிவிட்டு ஒதுங்குவார்கள். கடைசியாக ஒதுங்குகிறவள் எல்லைக்கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது விலக வேண்டும். அதற்குப் பிறகு வேகக்காரி எழுந்து நின்று மிதித்து, பதினைந்து நொடியில் கோட்டைத் தாண்டி, இரண்டு கைகளையும் தூக்குவாள். அதைப் படம் எடுப்பார்கள். ஒதுங்கியவள் படத்தில் இருக்கமாட்டாள்.

கடைசியாக ஒதுங்குகிறவள் பிரவீனா. கைகளைத் தூக்குகிறவள் ஜெயப்பிரியா.

ஜெயப்பிரியாவின் அப்பா பாலசுந்தரம் ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர். மகளின் பதினாறாம் பிறந்தநாளுக்கு இத்தாலியிலிருந்து ஒரு சைக்கிள் வரவழைத்தார். சைக்கிள் வந்தபின் அது ஓட ஒரு பந்தயம் தேவைப்பட்டது. பந்தயம் நடத்த ஒரு சங்கம் தேவைப்பட்டது. இப்படியாகச் 'சமவெளி மகளிர் சாலை மிதிவண்டிச் சங்கம்' தோன்றியது. தலைவர் அவர். செயலாளர் அறிவுமதி, ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர். கந்தப்பன் பேருந்து நிலையத்தில் முப்பது ஆண்டு சைக்கிள் ஸ்டாண்டு நடத்தியவர். ஒரே நேரத்தில் அவரளவு சைக்கிள்களைப் பார்த்தவர் மாவட்டத்தில் இல்லை என்பதால் வல்லுநர்.

மாநிலப் பந்தயத்தில் ஓட இந்தச் சங்கத்தின் வழியாகத்தான் போக முடியும். முதல் மூன்று இடத்தில் வந்தவர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான படிவம் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு 'ஒத்துழைப்புச் சான்று'. பிரவீனாவிடம் நான்கு ஒத்துழைப்புச் சான்றுகள் இருந்தன. ஒன்றை அவள் அம்மா முத்தாயம்மாள், விசைத்தறிக் கொட்டகையில் பஞ்சு பறந்து வந்து விழாமலிருக்கக் குடிதண்ணீர்ப் பானைக்கு மூடியாக வைத்திருந்தாள். கெட்டித்தாள், நன்றாக மூடியது.

மாசி பிறந்தால் பிரவீனாவுக்கு வயது வரம்பு முடிகிறது. அதற்குமுன் இருந்தது தையில் வரும் ஒரே ஒரு பந்தயம். ஜெயப்பிரியாவிடம் அந்தப் படிவங்கள் மூன்று இருந்தன. அவை சட்டம் போட்டு அவர்கள் வீட்டு வரவேற்பறையில் மாட்டப்பட்டிருந்தன. அவளுக்கு வேலை வேண்டியிருக்கவில்லை.

இதற்கெல்லாம் பிரவீனா கோபப்பட்டதில்லை. இழுப்பது ஒரு வேலை. நான்கு ஆண்டுகளாக ஒருத்தியின் மூச்சைத் தன் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறாள். மூச்சு தடித்தால் வேகத்தைக் கால் பங்கு குறைப்பாள், லேசானால் கூட்டுவாள். ஜெயப்பிரியாவின் முகத்தை அவள் பந்தயத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அவளை அவளுடைய அம்மாவைவிடத் தனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். அந்த நினைப்புக்குத்தான் போன வருடம் விசாரணை வந்தது.

போன வருடப் பந்தயத்தின் கடைசி வளைவில் ஜெயப்பிரியா, சாலையோரம் நின்ற அப்பாவைப் பார்த்துக் கையசைத்தாள். அந்த ஒரு நொடியில் பிரவீனாவின் சக்கரத்தைத் தவறவிட்டாள். நான்காவதாக வந்தாள்.

மூன்றாம் நாள் பிரவீனாவுக்கு ஓர் ஓலை வந்தது. 'முடிப்பாளருக்கு வழங்கப்பட வேண்டிய காற்றின்மையை வழங்கத் தவறியது ஏன் என்பதற்கு ஏழு நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கமளிக்கவும்.' சங்கத்தின் ஏடுகளில் ஜெயப்பிரியா 'முடிப்பாளர்'. பிரவீனா 'காற்றுமறைப்பாளர் (கடைநிலை)'.

அவள் விளக்கம் எழுதினாள். அதை அறிவுமதி படித்துவிட்டு, "இதுல உண்மையெல்லாம் எழுதியிருக்கே. விளக்கத்தக் காணமே," என்றார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

ஆலைக் களத்தில், காயப்போட்ட மாவின் புளித்த வாடைக்கு நடுவில் மூன்று நாற்காலிகளில் தலைவரும் செயலாளரும் கந்தப்பனும் உட்கார்ந்தார்கள். கல்யாண மண்டபத்திலிருந்து ஆளுயர மின்விசிறி ஒன்று வந்திருந்தது. கந்தப்பன் சோதனையை விளக்கினார். விசிறியின் முன் பிரவீனா நிற்க வேண்டும். அவளுக்குப் பின்னால் ஜெயப்பிரியா ஒரு தட்டில் சூடம் ஏற்றிப் பிடிக்க வேண்டும். சூடம் அணையாவிட்டால் காற்றுமறைப்பாளர் நிரபராதி.

"ஏனுங்க, சைக்கிள் இல்லாமயா?" என்று பிரவீனா கேட்டாள்.

"சைக்கிள் மேல குத்தச்சாட்டு இல்லயே," என்றார் அறிவுமதி.

விசிறி சுற்றியது. சூடம் அணைந்தது. வேகத்தைக் குறைத்து மூன்றாம் எண்ணில் வைத்தார்கள். மீண்டும் அணைந்தது. முதல் எண்ணில் வைத்தபோது அணையாமல் ஆடியது. உடனே கந்தப்பன், "இந்த வேகத்துல பந்தயம் நடக்காதுங்க," என்று அதைத் தள்ளுபடி செய்தார்.

பிறகு ஜெயப்பிரியாவைக் கேட்டார்கள். பிரவீனா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சூடத்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா முன்னாடிதான் இருந்தாங்க," என்றாள் ஜெயப்பிரியா. "ஆனா காத்து அடிச்சுது."

இரண்டு வாக்கியம். இரண்டும் பொய் இல்லை. சக்கரத்தை விட்டுவிட்டவளுக்குக் காற்று அடிக்கத்தான் செய்யும். ஏன் விட்டாய் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பிரவீனா அந்த இரண்டாவது வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வேறொன்று வந்து உட்கார்ந்தது. அமைதியானது. அவசரமே இல்லாதது.

தீர்ப்பு: காற்றுமறைப்பாளரின் அகலம் போதாது. நாள்தோறும் ஆறு நாமக்கல் முட்டைகள். வாரம் ஒருமுறை தோளளவு.

*

தைப் பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பு சங்கம் ஒரு கல் நட்டது.

பந்தயம் நாமக்கல்லில் தொடங்கி, ராசிபுரம் வழியாக வந்து, மல்லியகரை தாண்டித் தலைவரின் ஆலைக்கு முன் முடியும். எல்லைக்கோட்டுக்கு இருநூறு மீட்டர் முன்னால் வழக்கமாக ஒரு பலகையைச் சாய்த்து வைப்பார்கள். போன வருடம் தோற்றதற்குப் பலகை ஆடியதும் காரணம் என்று குழு கண்டுபிடித்திருந்தது. அதனால் இம்முறை கருங்கல். மேலே 'இருநூறு மீட்டர்'. கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் 'உபயம்: ஆலை அதிபர் பாலசுந்தரம் குடும்பத்தார்'. சிமெண்ட் போட்டு இறுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, தலைவர் துணியை விலக்கித் திறந்தார்.

பேசவும் செய்தார்.

"கூட்டு முயற்சி, கூட்டு முயற்சிங்கறாங்க. அப்பிடின்னா என்ன? எல்லாரும் சேந்து ஒருத்தர ஜெயிக்க வெக்கறது. அந்த ஒருத்தர் யாருங்கறத நீங்க யோசிச்சு மண்டயப் போட்டுக் கொழப்பிக்க வேண்டாம். அதச் சங்கம் யோசிச்சிருச்சு. நீங்க இழுங்க, போதும். என்ற மகள் ஜெயிச்சா அது அவ மட்டும் ஜெயிச்சதா? இல்ல. நானும் ஜெயிச்ச மாதிரிதான்."

கைதட்டினார்கள். பிரவீனாவுக்குப் பக்கத்தில் நின்ற அபிநயா, ஆட்டையாம்பட்டிக்காரி, அணியில் பிரவீனாவுக்கு முன்னால் இழுப்பவள், உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "ஏனக்கா, நாம செத்தாலும் இப்பிடி ஒரு கல்லு நடுவாங்களா?"

"நடுவாங்க. உபயம் அவுங்க பேருலதான் இருக்கும்."

கல்லிலிருந்து சரியாக இருநூறு மீட்டரில் ஒரு வரவேற்பு வளைவு எழுந்தது. உச்சியில் தலைவரின் படம், இரு பக்கமும் ஜெயப்பிரியா கைகளைத் தூக்கிய பழைய படங்கள். அந்த ஒரு வாரமும் ஜெயப்பிரியாவுக்குத் தினம் பத்து முறை அதே பயிற்சி: கல்லைப் பார்த்ததும் எழ வேண்டும், வளைவுக்குள் நுழைந்ததும் கைகளைத் தூக்க வேண்டும். கந்தப்பன் கல்லின் பக்கத்தில் நின்று விசில் ஊதுவார். நான்காம் நாள் முதல் விசில் தேவைப்படவில்லை. கல் வந்தால் அவள் கால் தானாக எழுந்தது.

பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சிக்கல் முளைத்தது. சிறப்பு விருந்தினராக வரும் உயரதிகாரிக்குக் காலை வெயில் ஆகாது என்று செய்தி வந்தது. வளைவுக்குப் பக்கத்தில் போட்ட மேடையில் காலை முழுக்க வெயில் அடிக்கும். கொஞ்ச தூரம் தள்ளி இரண்டு புளியமரங்கள் இருந்தன. மேடை மரத்தடிக்குப் போனது. விருந்தினர் இருக்கும் இடத்தில்தானே பந்தயம் முடிய வேண்டும் என்று எல்லைக்கோடும் மேடையோடு போனது. இரவோடு இரவாக வெள்ளைச் சாயத்தில் புதுக்கோடு போட்டார்கள். வளைவு போகவில்லை. விழாவுக்கு முன்பே தலைவர் படத்தைக் கீழே இறக்குவது நல்ல சகுனம் இல்லை. கல்லும் போகவில்லை. அது கல்.

பந்தயத்தன்று விடியும்போதே பிரவீனா வழியின் கடைசிப் பகுதியை ஒருமுறை ஓட்டிப் பார்க்கப் போனாள். கல்லைத் தாண்டினாள். வளைவைத் தாண்டினாள். மேடை வரவில்லை. மிதித்துக்கொண்டே போனாள். புளியமரத்தடியில் ஈரம் காயாத வெள்ளைக்கோடு கிடந்தது. கைப்பிடியில் இருந்த சின்ன மீட்டரைப் பார்த்தாள். திரும்பிப் போய்க் கல்லிலிருந்து மறுபடி அளந்தாள்.

நானூற்று முப்பது.

வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று முகத்தில் அடித்தது. இந்தக் காற்றில் நானூற்று முப்பது மீட்டரைத் தனியாக முழு வேகத்தில் ஓட்ட இந்தச் சமவெளியில் ஆள் இல்லை. கல்லில் எழுகிறவள் வளைவில் காலியாகிவிடுவாள்.

அவள் சைக்கிளிலிருந்து இறங்கி அந்தக் கோட்டருகே கொஞ்ச நேரம் நின்றாள். மனத்துக்குள் உட்கார்ந்திருந்தது மெல்ல எழுந்து, சோம்பல் முறித்து, சுற்றிலும் பார்த்தது. சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அது சூழ்ச்சி. தான் அப்படிப்பட்டவள் இல்லை. ஒரே ஒரு தடவை சொல்வது என்று முடிவு செய்தாள். அவர்கள் காதில் விழும் அளவுக்குச் சத்தமாக. நம்ப வைக்கும் அளவுக்கு அல்ல.

வேனில் நாமக்கல் போய்ச் சேர்ந்ததும், தொடக்கக் கூடாரத்தில் அணிக்கூட்டம் நடந்தது. ஜெயப்பிரியா வரவில்லை. வெற்றிச் சுவரொட்டிக்கு முன்கூட்டியே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க," என்றாள் பிரவீனா. "கோடு தள்ளிப் போயிருச்சுங்க. கல்லுலிருந்து கோட்டுக்கு நானூத்தி முப்பது மீட்டர் வருதுங்க."

தலைவர் அவளைப் பரிவோடு பார்த்தார். "கல்லுல என்ன அம்மிணி எழுதியிருக்குது?"

"இருநூறுன்னு எழுதியிருக்குதுங்க."

"கல்லு பொய் சொல்லுமா? உன்ற சைக்கிள் மீட்டர் பொய் சொல்லுமா?"

அறிவுமதி கோப்பைத் திறந்தார். "இத இப்பிடிப் பாக்கணும். கல்லு முறைப்படி திறக்கப்பட்டிருக்கு. பத்திரிகையில வந்தாச்சு. இப்ப அது நானூத்தி முப்பதுன்னு ஒத்துக்கிட்டா, அன்னிக்குத் தலைவர் திறந்தது என்னன்னு ஒரு கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு நம்மகிட்ட கோப்பு இல்ல."

"சரீங்க," என்றாள்.

அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றது அறிவுமதிக்கு உறுத்தியது. முப்பது ஆண்டு அரசாங்கத்தில் இருந்தவர். உடனே ஒரு தாளை எடுத்து நீட்டினார். உறுதிமொழிப் பத்திரம். அதில் ஐந்து பிரிவுகள் இருந்தன. காற்றுமறைப்பாளர் கல் வரை காற்றை மறைப்பார். கல்லைத் தாண்டி ஓர் அடியும் காற்றை மறைக்கமாட்டார். கல்லின் அளவு குறித்து எங்கும் பேசமாட்டார். முதல் மூன்று பிரிவையும் படித்துக்கொண்டே வந்தவள் நான்காவதில் நின்றாள்.

'முடிப்பாளர் கல்லிலிருந்து புறப்பட்ட பின் காற்றுமறைப்பாளருக்குச் சங்கத்தின் பணி ஏதும் இல்லை.'

அதை இரண்டாம் முறை படித்தாள். மூன்றாம் முறை படித்தபோது தோள் அகலமாவதுபோல் இருந்தது. முட்டை தின்று ஆகாதது.

கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதுக்கு ஒரு நகல் கொடுப்பீங்களா?" என்று கேட்டாள். கொடுத்தார்கள். நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் கந்தப்பன் பக்கத்தில் வந்து, முதுகில் அவளுடைய எண் துணியைப் பின்னூசி குத்தினார். எட்டு. ஜெயப்பிரியாவுக்கு ஏழு. குத்திக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார்: "நானும் அடி வெச்சு அளந்தேன் சாமி. நீ சொன்ன கணக்குத்தான் வருது. ஆனா கல்லுல அவுங்க பேரு இருக்குதல்ல."

*

நாமக்கல்லிலிருந்து கிளம்பியபோது அறுபது பெண்கள். ராசிபுரம் தாண்டியதும் நாற்பது. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் காட்டு ஓரம் போகும்போது முன்னணியில் இருபத்திரண்டு பேர். அதில் காவல்துறை அணிப் பெண்கள் ஐந்து பேர், எவ்வித அவசரமும் இல்லாமல், கூட்டத்தின் நடுவில் ஒளிந்துகொண்டு வந்தார்கள். காலையில் அவர்களும் வழியை ஓட்டிப் பார்த்திருந்தார்கள். அவர்களுக்குக் கல் இல்லை. கோடு மட்டும் இருந்தது.

ஜெயப்பிரியாவின் மூச்சு பிரவீனாவின் முதுகுக்குப் பின்னால் லேசாக வந்துகொண்டிருந்தது. சொல்வதற்கு எண்பது கிலோமீட்டர் இருந்தது. இடையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். ஒரு பள்ளத்தைக் கைகாட்டி எச்சரித்தாள். வேலையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஒவ்வொரு முறை கை பின்னால் போகும்போதும் அந்த வாக்கியம் நாக்கு வரை வந்தது: கோடு தள்ளிப் போயிருக்கிறது, ஜெயா. ஒவ்வொரு முறையும் இன்னொரு வாக்கியம் அதற்கு முன்னால் வந்து நின்று மறைத்துக்கொண்டது. ஆனா காத்து அடிச்சுது. சின்ன வாக்கியம்தான். ஆனால் நல்ல அகலம்.

இது தவறுதானா என்று தன்னையே கேட்டாள். தவறுதான் என்று பதில் வந்தது. ஆனால் அந்தப் பதிலுக்குக் கால்கள் கனக்கவில்லை. மாறாக, இலேசாக இருந்தன.

மல்லியகரை தாண்டியதும் வாடை நேராக முகத்தில் மோதியது. கோட்டுக்கு எழுநூறு மீட்டர் இருக்கும்போது அபிநயா கடைசிச் சொட்டுவரை இழுத்துவிட்டு, "போக்கா," என்று ஒதுங்கினாள். பிரவீனா காற்றுக்குள் தலையைக் கொடுத்தாள். தலையைத் தாழ்த்தி, முழங்கையைச் சற்று அகட்டி, பின்னால் ஒரு சூடம் எரிந்தாலும் அணையாத அளவுக்கு மறைத்தாள். பத்திரத்தில் மறைப்பதைப் பற்றித்தான் இருந்தது. எவ்வளவு பலத்தைச் செலவழிக்க வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் இல்லை. கொஞ்சத்தை வைத்துக்கொண்டாள்.

கல் வந்தது. சந்தனம் காய்ந்திருந்தது. முன்சக்கரம் கல்லுக்கு நேரே வந்த அதே கணத்தில் பிரவீனா இடப்பக்கம் விலகினாள். ஓர் அடி முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஜெயப்பிரியா எழுந்தாள். அழகாகத்தான் போனாள். அவள் இவ்வளவு வேகமாகப் போவதை முதல்முறையாக மூச்சு இரைக்காமல் பின்னாலிருந்து பார்த்தபோது பிரவீனாவுக்கு ஒரு பெருமைகூட வந்தது. நானல்லவா இதைக் காப்பாற்றிக்கொண்டு வந்தேன். இருபது மீட்டர் இடைவெளி விழுந்தது. யாரும் துரத்தவில்லை. காவல்துறைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

வளைவுக்குள் நுழைந்ததும் ஜெயப்பிரியா மிதிப்பதை நிறுத்தினாள். நிமிர்ந்தாள். அப்பாவின் படத்துக்கு நேர் கீழே, தன் இரண்டு பழைய படங்களுக்கும் நடுவில், இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினாள்.

அங்கே அவளைப் பார்க்க ஒரு கரும்புச்சாறு வண்டிக்காரரும் ஓர் ஆடும் மட்டும் நின்றார்கள்.

காவல்துறைப் பெண்கள் அவளை இரு பக்கமும் கடந்து போனார்கள். அவர்களில் மூன்றாவதாகப் போனவளின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒருத்தி ஒட்டிக்கொண்டு போனாள். சங்கத்தின் பணி ஏதும் இல்லாத ஒருத்தி. நான்கு ஆண்டில் முதல்முறையாகக் கடைசி ஓட்டத்தில் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் இருந்தாள். எவ்வளவு அமைதி அங்கே. காற்றே இல்லை. இத்தனை நாளும் அவளுக்கு இதையா கொடுத்துக்கொண்டிருந்தேன்?

கடக்கும்போது ஜெயப்பிரியாவின் முகத்தைப் பார்த்தாள். கைகள் இன்னும் பாதி தூக்கியபடி இருந்தன. வாய் சிரிப்பிலிருந்து வேறெதற்கோ மாறும் வழியில் நின்றுவிட்டிருந்தது. போன வருடம் சூடத்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் இதுதான். அதைப் பார்த்தபோது கிடைத்த சந்தோஷத்துக்காக வருத்தப்பட வேண்டும் என்று நினைத்தாள். பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று மிதித்தாள்.

கடைசி நூறு மீட்டரில் வெளியே வந்தாள். இரண்டு பேரைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது ஆளை அரைச் சக்கரத்தில் பிடித்தாள்.

மூன்றாம் இடம். எண் எட்டு.

*

ஒரு மணி நேரம் கழித்து மேடைக்குப் பின்னால் இருந்த கூடாரத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். மூவரும் அதே போல மூன்று நாற்காலிகளில் இருந்தார்கள். ஓரத்தில் ஜெயப்பிரியா, தோளில் துண்டோடு, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதினெட்டாவது இடம்.

அதற்குள் சங்கம் எல்லா வழிகளையும் ஆராய்ந்து முடித்திருந்தது. பந்தயம் வளைவிலேயே முடிந்துவிட்டது என்று அறிவிக்கலாமா என்று முதலில் தலைவர் கேட்டார். அப்படியானால் சிறப்பு விருந்தினரைத் தவறான இடத்தில் உட்காரவைத்ததாக ஆகும் என்று அறிவுமதி தடுத்தார். கல் தவறு என்று சொல்லலாமா என்றார் கந்தப்பன். மற்ற இருவரும் பார்த்த பார்வையில் அவர் தண்ணீர் குடித்தார். கோட்டில் படம் எடுக்க வைத்திருந்த செல்போன், அந்த நேரம் விருந்தினர் இளநீர் குடிப்பதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஆக, யார் எங்கே வந்தார்கள் என்பதற்கு கோட்டருகே மேசையில் இருந்தவர் எழுதிய எண்களைத் தவிர சாட்சி இல்லை. அதில்தான் அறிவுமதிக்கு வெளிச்சம் கிடைத்தது.

"உக்காரு அம்மிணி," என்றார் தலைவர். "நல்லா ஓட்டுன. அணிக்குள்ள ஒருத்தரு மூணாவது வந்ததே பெரிசு. இப்ப ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. அதச் சரிபண்ணிக்கலாம்."

அறிவுமதி தட்டச்சு செய்த தாளை அவள் முன் நகர்த்தினார். காலையில் கூடாரத்தில் ஏற்பட்ட கவனக்குறைவால் ஏழாம் எண் துணியும் எட்டாம் எண் துணியும் மாறிக் குத்தப்பட்டுவிட்டன. எனவே மூன்றாவதாக வந்தவர் ஜெயப்பிரியா. வளைவில் கைகளைத் தூக்கி நின்றவர் பிரவீனா. இதை நான் முழு மனத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

பிரவீனா படித்து முடித்தாள். "இதுல நானு கையத் தூக்குனதா இருக்குதுங்களே."

"உனக்கும் ஒருநாள் தூக்கோணும்னு ஆச இருந்திருக்கும்ல," என்றார் தலைவர், மனமிரங்கி.

"ஒத்துழைப்புச் சான்று இந்தத் தடவ தங்கக் கரை போட்டுத் தர்றோம்," என்றார் அறிவுமதி. "அடுத்த வருஷம் உன்னை முடிப்பாளர் ஆக்கறதுக்குப் பரிசீலிக்கலாம்."

"அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிருமுங்க."

"அதனாலதான் பரிசீலிக்கலாம்ங்கறேன்."

கந்தப்பன் எழுந்து வந்து அவள் முதுகுப்பக்கம் நின்றார். எண் துணியைக் கழற்றிக்கொள்ள அவரை அனுப்பியிருந்தார்கள். அவர் விரல் பின்னூசியைத் தொட்டது. தொட்டபடியே நின்றது. அவற்றைக் காலையில் குத்தியவர் அவர்தான்.

ஜெயப்பிரியா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள். "அக்கா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"கூட்டத்துல சொன்னேன் ஜெயா. நீ போட்டோ எடுத்துட்டிருந்த."

"வழியில சொல்லியிருக்கலாம்."

"ஆமா," என்றாள் பிரவீனா. "சொல்லியிருக்கலாம்."

வெளியே ஒலிபெருக்கியில் முதல் மூன்று எண்களைக் கூப்பிடத் தொடங்கினார்கள்.

தலைவர் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார். "ஒரு கையெழுத்து சாமி. சங்கத்துக்காக. நாலு வருசம் இழுத்த, இன்னும் ரெண்டடி இழுத்துரு."

பிரவீனா சட்டைக்குள்ளிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தாள். வியர்வையில் நனைந்து மடிப்புகள் ஒட்டியிருந்தன. பிரித்து, அவர்களுடைய தாளின் மேலே வைத்து, நான்காவது பிரிவுக்கு நேரே விரலை வைத்தாள்.

"கல்லுக்கு அப்பறம் எனக்குச் சங்கத்துல வேல எதும் இல்லீங்க," என்றாள்.

பேனாவை வாங்கினாள். மூடியைப் போட்டு, மேசைமேல் வைத்தாள். கந்தப்பனின் விரல் பின்னூசியை விட்டுவிட்டது. ஒலிபெருக்கி எட்டாம் எண்ணை இரண்டாம் முறை கூப்பிட்டது. அவள் எழுந்து, கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு, வெயிலுக்குப் போனாள்.